காலண்டரில் என் நம்பர்

"போனை இங்கன குடுத்துட்டுப் போங்கம்மா" என்றார் வாட்ச்மேன்.

அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசல். போன வருஷத்து ஆனி மாத வெயில். மணி பதினொன்று இருக்கும். ஸ்கூட்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு, கையில் ஒரு வலையும் பழைய துண்டுமாக நிற்கிறேன். செருப்பைக் கழற்றியாயிற்று. தீப்பெட்டி எதுவும் இல்லையென்று பையைக் கவிழ்த்துக் காட்டியாயிற்று. கட்டியிருப்பது தீப்பொறி கிளப்பாத நூல் சேலைதான் என்று சொல்லியாயிற்று. மிச்சம் இருந்தது போன்தான்.

"ஐயா, அவசரமா யாராச்சும் கூப்பிடுவாக…"

"கலெக்டரே வந்தாலும் போனு இங்கனதான். உள்ள கொண்டுபோவப்படாது."

ஒரு மரப்பெட்டிக்குள் போனை வைத்து, எண் போட்ட டோக்கனை என் கையில் கொடுத்தார். பெட்டிக் கதவைச் சாத்தும்போதே அது அடித்தது. பழக்கதோஷம், கை தானாக நீண்டது. "அடிச்சா அடிச்சிட்டுக் கெடக்கு. நீங்க போங்கம்மா, குட்டி அங்கன வெயில்ல கெடக்கு" என்று விரட்டினார்.

வெறுங்காலோடு செம்மண்ணில் நடந்தேன். வேப்பமரத்து நிழல் வந்ததும்தான் உறைத்தது. இந்த நிமிஷம் என்னை யாரும் கூப்பிட முடியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அங்கே ஒரு நாய்க்குட்டி உயிருக்குத் திணறிக்கொண்டு கிடக்கிறது, எனக்கோ அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தைப் பற்றித்தான் இந்த வாரப் பத்தியில் எழுத வேண்டும். போன வாரம் ஆனைக்குட்டம் அணைக்கரையில் சேற்றில் சிக்கிய கழுதையைத் தூக்கிய கதையைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் கேட்டார்: "தூக்குன கதையாவே எழுதுறியே, விட்ட கதைய எப்ப எழுதப்போற?" சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி.

பிரியம் வந்தால் அச்சடிப்பார்கள்

சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் புரூப் பார்க்கிறவள் நான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலண்டர், கல்யாணப் பத்திரிகை, மத்தாப்புப் பெட்டி லேபிள் எல்லாவற்றிலும் கொம்பும் காலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கண்ணாடி கனத்துவிட்டது. அடிபட்ட நாய், கிணற்றில் விழுந்த ஆடு என்று யாராவது சொன்னால் ஓடுவது என் சொந்த வேலை. அதற்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

ஐந்தாறு வருஷம் இருக்கும். பிரஸ் முதலாளியின் வீட்டு நாய் வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடிப்போயிற்று. முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நான் தேடி அலைந்து, ஆமத்தூருக்குப் பாதை பிரிகிற விலக்கில் ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்ததைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மனுஷன் நாயைக் கட்டிக்கொண்டு அழுதார்.

வேறு ஊராக இருந்தால் ஒரு சேலை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். எங்கள் ஊரில் பிரியம் வந்தால் அச்சடித்துவிடுவார்கள். அந்த வருஷம் கடை கடையாக, கம்பெனி கம்பெனியாகக் கொடுக்கிற பிரஸ்ஸின் தினசரிக் காலண்டரில், படத்துக்குக் கீழே, "அடிபட்ட வாயில்லா ஜீவனைக் கண்டால் அழையுங்கள்" என்று என் பெயரையும் போன் நம்பரையும் போட்டார் அண்ணாச்சி.

நாய் சம்பந்தப்பட்டது என்பதால் பைரவர் படம் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "வீட்டுச் சுவத்துல பைரவரை யாருங்க மாட்டுவா?" என்று அவர் வீட்டம்மாதான் தடுத்து, மயில்மேல் முருகனைக் கொண்டுவந்தார். பாய்மார் கடைகளுக்கு ரோஜாப்பூக் கூடை. இரண்டிலும் அடியில் நான்.

அந்தப் புரூப்பைப் பார்த்ததும் நானேதான். பத்து இலக்கத்தையும் விரல் வைத்து மூன்று தடவை படித்தேன். ஒரு பிழை இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இனி நானும் முருகனும் ஒரே அட்டையில" என்று பெருமையடித்துக்கொண்டேன். புத்தி கெட்டவள்.

நோட்டீஸ் என்றால் கடலை மடித்து எறிந்துவிடுவார்கள். காலண்டர் வருஷம் முழுக்கச் சுவரில் தொங்கும். காலையில் எழுந்து தேதி கிழிக்கிற ஒவ்வொரு கண்ணுக்கும் நேரே என் நம்பர்.

அடிக்கிற போன்

முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது. சாத்தூர்ப் பக்கமிருந்து கூப்பிடுவார்கள், திருத்தங்கலிலிருந்து கூப்பிடுவார்கள், "யக்கா, நீங்க வந்தாத்தான் ஆவும்" என்பார்கள். அந்த வார்த்தையில் ஒரு போதை இருக்கிறது. நம்மை விட்டால் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாம் வருஷமும் அண்ணாச்சி போட்டார். மூன்றாம் வருஷமும் போட்டார். குளியலறையில் பாம்பு, ஓட்டுக்கூரையில் மயில், பக்கத்து வீட்டுச் சேவல் விடியுமுன்னே கூவுகிறது என்று ஒரு புகார். காலண்டர் நம்பர்தானே என்று ஒருவர் வீடு பால்காய்ச்ச நல்ல நேரம் கேட்டார். "சாமி, நான் நாய் பாக்குறவ" என்றேன். "பரவாயில்ல, பாத்துச் சொல்லுங்க" என்றார்.

சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போன். குளிக்கும்போது அடிக்காத போன் அடிக்கிற மாதிரி இருக்கும், சோப்பு நுரையோடு ஓடிவருவேன். பிரஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே "வெளியூர்ல இருக்கேன்" என்று பொய் சொல்லப் பழகினேன். சொல்லிவிட்டு, அந்த நாய் என்ன ஆயிற்றோ என்று அன்றைக்குப் பூராவும் புரூப்பில் கண் நிற்காது.

விருதுநகரில் என் சிநேகிதி சபுரா இருக்கிறாள். அவர்களுக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. அவளும் இந்தப் பைத்தியம் பிடித்தவள்தான், ஆனால் அவள் பைத்தியத்துக்கு வரப்பு உண்டு. பூனை மட்டும்தான் எடுப்பாள். அதுவும் மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற வரைக்கும்தான். அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் "நாளைக்குக் காலையில" என்று சொல்லிவிட்டுப் போனை அரிசி டின்மேல் வைத்துவிடுவாள்.

"உனக்கு மனசு கல்லாடி?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "ஏ ஜெயா, நான் பதினஞ்சு வருசமாப் பூனை பாக்குறேன். நீ எம்புட்டு வருசம் ஓடுறேன்னு நானும் பாக்கத்தானே போறேன்" என்று சிரித்தாள். எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

முறுக்கு

எங்கள் வீட்டில் மூன்று கால் நாய் ஒன்று உண்டு. வால் சுருண்டு சுருண்டு இருப்பதால் பெயர் முறுக்கு. லாரிக்கு அடியிலிருந்து நான் எடுத்து வந்ததுதான். நான் தெருமுனை திரும்பினாலே அதற்குத் தெரியும், மூன்று காலில் தத்தித் தத்தி வாசலுக்கு வந்து நிற்கும்.

ஒரு சாயங்காலம் நான்கு இடம் போய்விட்டு வந்து நிற்கிறேன். இரண்டு இடத்தில் நான் போகுமுன்னே உயிர் போய்விட்டது. வாசலில் கால் வைக்கும்போது ஐந்தாவது போன். முறுக்கு எப்போதும் போல மேலே தாவியது, நகம் கையில் கீறிவிட்டது. "சீ, போ சனியனே" என்று கத்தி, செருப்பைத் தூக்கிவிட்டேன்.

அடிக்கவில்லை. தூக்கியதே போதுமாக இருந்தது. அது கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. சாப்பிடவும் வரவில்லை. என் வீட்டுக்காரர் அதன் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்குத்தான் பயம் வந்தது. உடம்பு அலுப்பென்றால் ஒரு நாள் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். நாயைக் கண்டாலே எரிச்சல் வருகிற நிலைமைக்கு வந்துவிட்டேனே, அதற்கு எங்கே போக? சின்னப் பிள்ளையிலிருந்து எனக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் இந்தப் பிராணிகள்தான். அது என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது, நானே அதைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

ஆடிப் பதினெட்டு அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதற்கு முன்னால் பிரஸ்ஸின் சொந்தக் காலண்டர் புரூப் என் மேஜைக்கு வந்துவிடும். என் நம்பரை எடுக்கச் சொல்ல வேண்டுமானால் அப்போது சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த நிலையில்தான் அந்தப் பட்டாசுக் கம்பெனி ஆபீஸிலிருந்து போன் வந்தது.

தேங்காயெண்ணெய்

வேப்பமரத்தடியில் ஆறேழு பெண்கள் நின்றார்கள். கைகளெல்லாம் வெள்ளி நிறத்தில் பட்டாசு மருந்து. நடுவில் ஒரு செவலைக் குட்டி, தலை ஊறுகாய் டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு டப்பா பனித்துப் பனித்துத் தெளிகிறது. தாய் நாய் சுற்றிச் சுற்றி வந்தது. ஒருத்தி அட்டையை விரித்துக் குட்டிக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் முத்துமாரி.

"எப்ப இருந்து இப்படிக் கெடக்கு?"

"எட்டு மணிக்கே பாத்துட்டோம்க்கா. உடனே ஆபீஸ்ல சொல்லி உங்களுக்குப் போன் போடச் சொன்னோம்."

எட்டு மணிக்கு நான் வேறொரு பக்கம் இருந்தேன். அங்கிருந்து இன்னொரு பக்கம். மூன்று மணி நேரம் இந்தக் குட்டி எனக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது.

பட்டாசுக் கம்பெனிக்குள் கத்தி, கத்தரி எதுவும் கொண்டுபோக முடியாது. "யார்ட்டயாச்சும் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் இருக்கா?" என்றேன். முத்துமாரியின் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு சின்னச் சீசா வந்தது. கழுத்தைச் சுற்றி எண்ணெயை விட்டு, காது இரண்டையும் விரலால் மடக்கி, டப்பாவைத் திருகித் திருகி இழுத்தேன். பிளக் என்று வந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

குட்டி மல்லாந்து கிடந்து, இழுத்து இழுத்து மூச்சு வாங்கி, பிறகு எழுந்து தாயிடம் போய் முட்டியது. பெண்களெல்லாம் கைதட்டினார்கள். எனக்குத் தட்டத் தோன்றவில்லை.

"எண்ணெய் போட்டா வந்துரும்னு எனக்கும் தோணிச்சுக்கா" என்றாள் முத்துமாரி மெதுவாக. "எம் பிள்ளைக்கு வளையல் மாட்டிக்கிட்டப்ப அப்படித்தான் எடுத்தேன். காலண்டர்ல உங்களக் கூப்பிடச் சொல்லிப் போட்டிருக்கே, நம்ம கைய வச்சுக் கெடுத்துரப்படாதேன்னு சும்மா இருந்துட்டோம்."

"போட்டிருக்கலாமே தாயி."

"எண்ணெய் போடுன்னு அந்தக் காலண்டர்லயே எழுதியிருந்தா போட்டிருப்போமே. நம்பர்தானே போட்டிருக்கு?" என்றாள்.

என்னைக் கூப்பிடுங்கள் என்று ஊரெல்லாம் சுவரில் எழுதி வைத்து, கையில் எண்ணெய்ச் சீசாவோடு ஒரு பெண்ணை மூன்று மணி நேரம் சும்மா நிற்க வைத்திருக்கிறேன்.

அவர்கள் சாப்பாட்டு நேரம் வந்தது. "இருந்து சாப்பிட்டுப் போங்கக்கா" என்றார்கள். எப்போதும் ஓடுகிறவள், அன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். புளிச்சோறும் வறுத்த மோர்மிளகாயும். குட்டி என் மடியில் வந்து படுத்து, எண்ணெய்த் தலையைச் சேலையில் தேய்த்தது. ஒரு மணி நேரம் போன் சத்தமே இல்லை. எத்தனை நாளாயிற்று ஒரு நாயைச் சும்மா தடவிக்கொண்டிருந்து என்று நினைத்தேன், கண் நிறைந்துவிட்டது.

வாசலில் டோக்கனைக் கொடுத்ததும், "உங்க போனு அலறிக்கிட்டே கெடந்துச்சும்மா. பெட்டி உடைஞ்சிரும்போல" என்றார் வாட்ச்மேன். பதினேழு தவறிய அழைப்புகள். ஒவ்வொன்றாகத் திருப்பிக் கூப்பிட்டேன். குழியில் விழுந்த கன்றைத் தெருக்காரர்களே தூக்கிவிட்டார்களாம். ஒரு நாயை மாட்டாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோய்விட்டார்களாம். ஏழு தடவை கூப்பிட்டது சபுரா, நார்த்தங்காய் வேண்டுமா என்று கேட்க.

சிவப்பு மை

ஆடி பிறந்து ஒரு வாரத்தில் புரூப் வந்தது. அண்ணாச்சியே கையில் கொண்டுவந்து மேஜையில் விரித்தார்.

"ஜெயாம்மா, இந்தத் தடவை உங்க நம்பரை இன்னும் பெருசாப் போடச் சொல்லியிருக்கேன். செவப்புல. கண்ணு தெரியாதவுகளும் பாக்கணும்லா?"

மனுஷன் முகத்தில் அவ்வளவு மலர்ச்சி. நான் பேனாவை எடுத்தேன். ஊரார் எழுத்தையெல்லாம் யோசிக்காமல் அடிக்கிற கை, என் நம்பரிடம் வந்து நின்றுவிட்டது. அடித்தால் நாளைக்கு எங்கோ ஒரு நாய் ரோட்டோரம் கிடக்கும், யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் ஒருவர் நிற்பார். அடிக்காவிட்டால் முறுக்கு கட்டிலுக்கு அடியில் கிடக்கும். கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக, பெயரிலிருந்து கடைசி இலக்கம் வரைக்கும் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் நீக்கற்குறி போட்டேன்.

"என்னம்மா இது, நம்பர் தப்பா?"

"நம்பர் சரிதான் அண்ணாச்சி. என்னாலதான் முடியல."

"புண்ணியம்லா ஜெயாம்மா?"

"புண்ணியம்தான் அண்ணாச்சி. எங்க வீட்டு நாயி என்னக் கண்டு ஒளியுது. நான் எங்க போய் இந்தப் புண்ணியத்த வைக்க?"

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் இழுத்த கோட்டை விரலால் தடவினார். "நல்லது செய்யுறதா நெனச்சு உங்கள இம்புட்டு நாளாச் செவத்துல அடிச்சு மாட்டிட்டேனேம்மா" என்றார். பிறகு வியாபாரி மூளை விழித்துக்கொண்டது. "சரி, அந்த எடம் வெறுமனே கெடக்குமே. என்ன போட?"

முத்துமாரி கேட்டதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அடிபட்டதை நிழலுக்கு மாற்றுங்கள். பக்கத்தில் தண்ணீர் வையுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். டப்பாவில் தலை மாட்டினால் எண்ணெய் விட்டுத் திருகுங்கள். கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மற்றதற்கு மாட்டாஸ்பத்திரி. "திருகுங்கள்" என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்தினேன்.

சும்மா இருக்கிற போன்

ஜனவரி பிறந்தது, சுவர்களில் புதுக் காலண்டர் ஏறியது, என் போன் அடங்கிவிட்டது. நிம்மதியாக இருந்தேன் என்று எழுத ஆசைதான். முதல் மாதம் பைத்தியம் பிடிக்கத்தான் இருந்தது. சார்ஜ் இருக்கிறதா, டவர் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். "அதையே மொறச்சு மொறச்சுப் பாக்காத, அதுக்கே கூச்சமா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

மறைக்கவும் கூடாது. மாசி மாதம், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாய் இரண்டு நாள் கிடந்து செத்துப்போனதாகப் பிறகுதான் கேள்விப்பட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனா, போயிருந்தால் பிழைத்திருக்குமா, தெரியாது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறேன். எங்கள் பக்கத்து நான்கு தெருக்களில் இருக்கிற நாய்களுக்கும், அந்தக் கம்பெனிக் குட்டிகளுக்கும் ஊசி போட்டுக் கொண்டுபோய் விடுவது என் வேலை. சபுராவிடம், "நீ சொன்னது சரிதான்டி" என்று ஒத்துக்கொண்டேன். அவள் அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொன்னாள், மாற்றிப் பேசிவிடுவேனாம்.

முறுக்கு கட்டிலடியை விட்டு வர ரொம்ப நாளானது. முதலில் மூக்கு வந்தது. பிறகு தலை. ஒருநாள் நான் தெருமுனை திரும்பும்போது வாசலில் நின்றது.

போன மாதம் ஒரு காலை, தெரியாத நம்பரிலிருந்து போன். ஆமத்தூரிலிருந்து ஒரு பெண். மின்விசிறிமேல் இருந்த கூட்டிலிருந்து அணில்குஞ்சு கீழே விழுந்துவிட்டதாம்.

"என் நம்பர் எங்க கெடச்சது தாயி?"

"காலண்டர்லக்கா."

"அது பழைய காலண்டர்லா?"

"தேதியெல்லாம் கிழிச்சு முடிச்சாச்சுக்கா. முருகன் அம்புட்டு அழகா இருக்காரு, கழட்ட மனசு வரல."

பழைய நானாக இருந்தால் ஸ்கூட்டிச் சாவி கைக்கு வந்திருக்கும். உட்கார்ந்த இடத்திலேயே சொன்னேன். ஒரு காலி மத்தாப்புப் பெட்டியில் பழைய துணியை வை. குஞ்சை அதில் விட்டு, கூட்டுக்குப் பக்கத்திலேயே உயரத்தில் வை. மின்விசிறியைப் போடாதே. எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

"நீங்க வரலையாக்கா?"

"நான் வரல. அதோட ஆத்தா வருவா."

மதியம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திரும்பக் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. "யக்கா! வந்துச்சுக்கா! கவ்விக்கிட்டு மேல போயிருச்சு! நானே செஞ்சிட்டேன்க்கா!"

"நீதான் செஞ்ச" என்றேன்.

"இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன். பேனா கையிலதான் இருக்கு, முருகனுக்குக் கீழ உங்க நம்பரை அடிச்சிரட்டா?"

"அடிச்சிரு தாயி."

பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு சந்தோஷம் தாங்காத குரலில் கேட்டாள்: "அப்ப அந்த எடத்துல என் நம்பரை எழுதிரட்டாக்கா?"

"எழுதிராத!" என்று நான் போட்ட கத்தலில், என் பாதத்தின்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த முறுக்கு திடுக்கிட்டு எழுந்து என்னைப் பார்த்தது. ஓடவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அதே பாதத்தில் மறுபடியும் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.